பட்டணத்துப் புல்தரைகள்

சென்னை மாநகரின் இடப்பெயர்களைச் சற்றே ஊன்றிப் படிப்பவர்க்கு ஒரு வேறுபாடு புலப்படாமற் போகாது. கூவம் ஆற்றுக்குத் தெற்கே போயஸ் கார்டன், மக்கேஸ் கார்டன், வாலஸ் கார்டன் எனத் தோட்டங்கள் துரைமார் பெயரைத் தாங்கி நிற்கின்றன. வடக்கே வந்தால் புளியந்தோப்பு, கொண்டித்தோப்பு எனத் தோப்புகள் எதிர்ப்படுகின்றன. தெற்கத்தித் தோட்டம் உடையவரை நினைவூட்டுகிறது. புளியந்தோப்போ மரத்தை மட்டுமே நினைவூட்டுகிறது. அந்தப் புளிய மரங்களை நட்டவர் எவர், நீர் ஊற்றியவர் எவர் என்பதை அப்பெயர் சொல்வதில்லை. போயஸ் கார்டனும் தன் தோட்டக்காரரின் பெயரைச் சொல்வதில்லை என்பது வேறு செய்தி.

புளியந்தோப்பைத் தாண்டி வியாசர்பாடிக்குள் நுழைந்தால் வீட்டுவசதி வாரியம் அமைத்த மகாகவி பாரதி நகர். எம்.கே.பி. நகர் என்றால்தான் ஆட்டோ ஓட்டுநருக்கு விளங்கும். அதன் நடுச்சாலைக்குச் ‘சென்ட்ரல் அவென்யூ’ என்று பெயர். ‘அவென்யூ’ என்ற சொல் முதலில் தோட்டக்கலைக்கு உரியது. ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகை வாயிலை நோக்கி இருமருங்கும் மரம் நட்டு அமைத்த நடைபாதையையே அது குறித்தது. பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் நெரியும் வடசென்னைக் குடியிருப்பு ஒன்றின் சாலைக்கு அப்பெயர் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. வீட்டு முன்றிலில் புல் வளர்த்து, அதைப் பருவந்தோறும் பேணும் வழக்கம் இப்பட்டணத்திற்கு வந்த கதையும் அவ்வரலாற்றுள் அடங்கும். அரசர்களையும் போர்களையும் எழுதிய அளவுக்கு நம் ஊரில் புல்லைப் பற்றி எவரும் எழுதவில்லை. ஆயினும் புல்லுக்கும் வரலாறு உண்டு.

நம் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது; அது சாணமிட்டு மெழுகிக் கோலமிடும் இடம். கொல்லை இருந்தது, அதில் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. முன்றிலில் புல் முளைத்தால் அது கவனிப்பாரற்ற வீடு என்றே ஊர் பேசும். பயன்தராத, உண்ணத்தகாத, வெறும் பார்வைக்கெனப் புல்லை வளர்ப்பது நமக்கு அந்நியமான எண்ணமாகவே இருந்தது. இங்கிலாந்திலோ நிலைமை வேறு. ஆண்டு முழுவதும் தூறும் மழையும் குளிர்ந்த காற்றும் அங்கே புல்லைத் தாமாகவே வளர்த்தன. ஆடுகள் மேய்ந்தும், ஆள்கள் நீளரிவாளால் அறுத்தும் அதை ஒரு சீராக வைத்திருந்தனர். 1830-ஆம் ஆண்டில் குளோஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்ற பொறிவினைஞர் புல்வெட்டும் பொறியைக் கண்டுபிடித்தார். கம்பளித் துணியின் மேற்பிசிரைச் சீவும் ஆலை இயந்திரமே அவருக்கு வழிகாட்டியது. துணி சீவும் கத்தியைப் புல் சீவும் கத்தியாக்கிய அப்பொறி வந்த பின்னரே, பிரபுக்களுக்கு மட்டும் உரியதாயிருந்த புல்தரை நடுத்தர வீட்டுக்காரரின் முன்றிலுக்கும் இறங்கி வந்தது.

அப்பொறி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே புல்தரையின் ஆசை கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட்டது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த கும்பினியார், கோட்டைக்கு வெளியே ஒரு தோட்டமும் தோட்ட வீடும் அமைத்து உலாவி வந்தனர். 1746 முதல் 1749 வரை பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது அந்த வீடு அழிந்தது. 1753-இல் ஆளுநருக்கென வேறொரு தோட்ட வீட்டைக் கும்பினியார் வாங்கினர். அதை விற்றவர் அந்தோனியா டி மதேரோஸ் என்னும் போர்த்துக்கீசிய வழிவந்த கத்தோலிக்கப் பெண்மணி. அவ்வீடே பின்னர் விரிந்து அரசினர் மாளிகையாகவும், அதன் சுற்று நிலம் அரசினர் தோட்டமாகவும் ஆனது. இன்று நாம் ஓமந்தூரார் தோட்டம் என்பது அதுதான். ‘கவர்ன்மெண்ட் எஸ்டேட்’ என்று பேருந்து நடத்துநர்கள் கூவிய காலம் பலருக்கு நினைவிருக்கும். பழைய மாளிகை 2008-இல் இடிக்கப்பட்டது. அங்கே எழுந்த புதிய சட்டமன்றக் கட்டடம் 2014-இல் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாயிற்று. ஆளுநர் உலாவிய புல்தரை இருந்த வளாகத்தில் இன்று நோயாளிகளின் உறவினர் பாய் விரித்து அமர்ந்திருக்கின்றனர். நிலத்திற்கு இதைவிட நல்ல பயன் உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டையை விட்டு வெளியேறி வாழ வணிகர்களும் அலுவலர்களும் துணிந்தனர். இன்றைய அண்ணா சாலையைச் சுற்றிக் கிடந்த சத்திரத்து வெளியில் ஏக்கர் கணக்கில் நிலம் பெற்று, நடுவில் தூண்கள் வைத்த வீடும் சுற்றிலும் மரமும் புல்லுமாக அமைத்துக்கொண்டனர். அடையாற்றங்கரையில் ஜார்ஜ் மௌபிரே என்ற அலுவலர் 1771-இல் பெற்ற நிலம் நூறு ஏக்கருக்கும் அதிகம். இன்று அங்கே மெட்ராஸ் கிளப் இருக்கிறது. நுங்கம்பாக்கத்து டவ்டன் மாளிகை பெண்கள் கிறித்தவக் கல்லூரியாயிற்று. நம் நகரின் பெயர்பெற்ற கல்லூரிகளும் கழகங்களும் பெரிதும் இத்தகைய தோட்ட வீடுகளில்தான் குடியேறின.

வடபகுதியில் தோட்ட வீடே இல்லை என எண்ணிவிடலாகாது. வேப்பேரி, புரசைவாக்கம், பெரம்பூர்ப் பக்கங்களிலும் அவை இருந்தன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு வடக்கையும் தெற்கையும் இரு வேறு வழிகளில் கொண்டு சென்றது. 1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டது. பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1870களில் பக்கிங்ஹாம் ஆலையும் துறைமுக வேலையும் தொடங்கின. கரியும் புகையும் உப்பும் வடக்கே குவிய, புல் தெற்கே ஒதுங்கிற்று. உழைப்பவர் குடியிருப்பு ஒரு திசையிலும் அவ்வுழைப்பின் பயனை நுகர்வோர் தோட்டம் எதிர்த்திசையிலுமாக நகரம் பிரிந்த விதம் இதுவே.

தோட்ட வீடுகளில் வளர்ந்த புல் எது? இங்கிலாந்தின் விதை சென்னை வெயிலில் ஒரு கோடையைக் கூடத் தாண்டவில்லை. இறுதியில் துரைமாரின் மானத்தைக் காப்பாற்றியது நம் வயல் வரப்பில் முளைக்கும் அருகம்புல்தான். வேர் ஆழமாக இறங்கும். தண்டு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். வெயிலில் கருகினாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும். அதை நடுவதற்கு நம்மவர் கையாண்ட முறையும் நம் மண்ணுக்கே உரியது. அருகை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, சாணமும் மண்ணும் நீரும் சேர்த்துக் குழைத்து, சமன்செய்த நிலத்தில் பூசி மெழுகிவிடுவர். மேலே வைக்கோலைப் பரப்பி நீர் தெளித்து வந்தால் சில வாரங்களில் பச்சை கண்விடும். தோட்டக்கலைப் பாடநூல்கள் இதை இன்றும் ஒரு முறையாகக் கற்பிக்கின்றன. மார்கழியில் வாசலில் சாணத்தைப் பிடித்து வைத்து அதன்மேல் அருகு செருகும் இந்துச் சகோதரரின் வழக்கத்தைப் பார்த்திருப்போர்க்கு இம்முறை எங்கிருந்து பிறந்திருக்கும் என்று ஊகிக்கக் கடினமிராது. ஊகம்தான், சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

துரைமார் வீட்டில் அருகுக்கு இன்னொரு தேவையும் இருந்தது. குதிரைக்கு அதுவே தீனி. குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு குதிரைக்காரரும் ஒரு புல்லறுப்பவரும் வேண்டும் என்பது அக்கால வழக்கு. சென்னையில் பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவியே அந்தப் புல்லறுப்பவர். விடியுமுன் வெளியேறி, வரப்பிலும் ஏரிக்கரையிலும் அருகைச் சிறு கொத்தால் வேரோடு கெல்லி, மண்ணை உதறி, கழுவி, கட்டாகத் தலையில் சுமந்து வருவார். வீட்டின் உள்ளே ஒருவர் அருகை வளர்க்க, வெளியே ஒருத்தி அருகைத் தேடி அலைந்தாள். வீட்டுக் கணக்கேட்டில் இருவருமே பெயரின்றிச் சம்பளத் தொகையாக மட்டும் நின்றனர்.

இனி நீர். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது குறைவன்று. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மாசி முதல் ஆனி வரை வானம் கைவிரிக்கிறது. கோடையில் புல்தரை நாள்தோறும் சுமார் 5 மில்லிமீட்டர் நீரைக் காற்றுக்கு இழக்கும். அப்படியானால் ஒரு கிரவுண்டு புல்தரைக்கு நாளொன்றுக்கு ஆயிரத்து நூறு லிட்டர் வேண்டும். பதினைந்து லிட்டர்க் குடத்தில் எழுபத்து நான்கு குடம். ஓர் ஏக்கருக்கோ இருபதாயிரம் லிட்டர். குழாய் இல்லாத காலத்தில் இவ்வளவும் கிணற்றிலிருந்து வந்தாக வேண்டும். தோட்ட வீடுகளில் ஏற்றம் போட்டிருந்தார்கள். ஒருவர் ஏற்ற மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் கீழே நின்று சாலைக் கவிழ்ப்பார். ஆங்கிலேயர் இதைப் ‘பிக்கோட்டா’ என்றனர். அச்சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து கடன்பெற்றது. புல்லின் பசுமையை வியந்து ஊருக்குக் கடிதம் எழுதிய சீமாட்டிகள், அதிகாலையில் அந்த மரத்தின்மேல் நடந்த காலடிகளை எண்ணியிருக்க மாட்டார்கள்.

அதே காலத்தில் கறுப்பர் பட்டணம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனிலும் அதன் வடக்கேயும் மக்கள் குடிநீருக்கே அல்லாடினர். 1772-இல் வெட்டப்பட்ட ஏழு கிணறுதான் நகரின் முதல் நீர் வழங்கு திட்டம். அதுவும் முதற்கண் கோட்டைக்கு நீர் கொண்டுபோகவே அமைந்தது. செங்குன்றம் ஏரியின் நீர் நகரத்திற்கு வர 1872 ஆகிவிட்டது. கோட்டைக்கு நீர் தந்த அந்தக் கிணறுகள் இருந்த இடம் வடசென்னை என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

பருவத்திற்கு ஏற்பப் புல்லைப் பேணும் கலையில்தான் இரண்டு நாட்டு அறிவும் மோதிக்கொண்டன. ஆங்கிலத் தோட்ட நூல்களின்படி வசந்தத்தில் புல் விழிக்கிறது, கோடையில் செழிக்கிறது, இலையுதிர் காலத்தில் ஓய்வுக்கு ஆயத்தமாகிறது, குளிரில் உறங்குகிறது. சென்னையில் எல்லாம் தலைகீழ். இந்த உண்மையை எடுத்துக்கூறி இந்திய நிலைக்கென நூல் எழுதியவருள் முதன்மையானவர் ஃபர்மிங்கர். அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. வங்காளத்தில் படைக்குருவாகப் பணிபுரிந்தவர். 1860களில் வெளிவந்த அவருடைய தோட்டக்கலைக் கையேடு பலமுறை திருத்தப்பட்டு நெடுங்காலம் பயன்பட்டது. மறையுரை எழுதிய நேரம் போக எஞ்சிய பொழுதில் அவர் ரோஜாவுக்குக் கவாத்து செய்வது எப்போது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார் போலும். குருக்கள் இப்படியும் பயன்பட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

ஆயினும் வங்காளத்துக்கு எழுதியது சென்னைக்கு முற்றும் பொருந்தாது. வங்கத்தில் மழை ஆனி ஆடியில் இறங்கும்; இங்கே ஐப்பசியில். சென்னைப் புல்தரையின் பஞ்சாங்கத்தை எழுதியவர்கள் எழுத்தறியாத தோட்டக்காரர்களே. அவர்கள் கண்ட முறை இன்றும் மாறவில்லை. வைகாசிக் கடைசியில் காய்ந்து தடித்த புல்லை அடிவரை செதுக்கி வாரி, தரையைக் கிளறிவிட்டு, மக்கிய தொழு உரமும் சலித்த செம்மண்ணும் கலந்து விரல் கனம் பரப்புவார்கள். ஆனி ஆடியின் மாலை மழை அதை உள்ளே இறக்கும். புதிதாக நடுவதும் ஆடியிலேதான். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நெல்லுக்கு மட்டுமன்று. புரட்டாசிக்குள் வேர் பிடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நீர் ஊற்றும் வேலை இல்லை. நீரை வெளியேற்றும் வேலைதான். தேங்கினால் வேர் அழுகும், பூசணம் வட்டம் வட்டமாகப் பிடிக்கும். ஈரத்தில் மிதித்தால் மண் இறுகும். இதே மாதங்களில்தான் கோரை தலைதூக்கும். அதை மேலோடு அறுப்பவர் அதற்குத் தொண்டு செய்கிறார். கிழங்கோடு களைக்கொத்தால் கெல்லினாலன்றி அது போகாது. மார்கழி, தை பூக்களின் காலம். மாசியிலிருந்து நீரைக் காலையில் மட்டும், ஆனால் ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. நீண்ட புல் தன் வேருக்குத் தானே நிழல் தரும். வெட்டிய துணுக்குகளை வாரி எறியாமல் அங்கேயே விட்டால் அவை உரமாகும். இந்த அறிவெல்லாம் தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறியதன்றி ஏட்டில் ஏறவில்லை.

ஏட்டில் ஏறியவை கழகங்களின் நடவடிக்கைகள். 1835-இல் சென்னை வேளாண் தோட்டக்கலைக் கழகம் தோன்றியது. தாவரவியலில் பெரும்புகழ் பெற்ற டாக்டர் இராபர்ட் வைட் அதன் தொடக்கக் காலச் செயலர். அதன் தோட்டம் கதீட்ரல் சாலையின் இருமருங்கிலும் விரிந்தது. (கதீட்ரல் என்றதும் நம்மில் பலர் சாந்தோமை நினைப்பர். அச்சாலைக்குப் பெயர் தந்தது 1816-இல் நேர்ந்தளிக்கப்பட்ட புனித ஜார்ஜ் பேராலயம்.) வெளிநாட்டு விதைகளும் நாற்றுகளும் அங்கிருந்து தோட்ட வீடுகளுக்குச் சென்றன, மலர்க் கண்காட்சிகள் நடந்தன. விடுதலைக்குப் பின் அந்நிலத்தின் ஒரு பகுதியில் 1962 முதல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இயங்கியது. மரத்தடியில் காரில் அமர்ந்தபடி தோசை உண்ட தலைமுறை அதை மறக்கவில்லை. 2008-இல் உணவகம் மூடப்பட்டு, 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. நீண்ட வழக்குகளுக்குப் பின் அரசு மீட்ட எதிர்ப்புற நிலத்தில் 2024-இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்தது. ஆக, தெற்கின் தனித்தோட்டம் பொதுத்தோட்டமாக மாறியிருக்கிறது. இது நல்ல மாற்றம்.

வடக்கின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே பொதுத்தோட்டமாகவே தொடங்கியது தேய்ந்து மறைந்தது. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நெருக்கடியான கறுப்பர் பட்டணத்து மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் எனக் கருதினார். அவர் இங்கே இருந்தது ஓராண்டுக்குச் சற்று அதிகம். வருமான வரியை எதிர்த்துக் குறிப்பெழுதி வெளியிட்டதால் 1860-லேயே திருப்பி அழைக்கப்பட்டார். அதற்குள் அவர் வித்திட்ட மக்கள் பூங்கா 116 ஏக்கரில் எழுந்தது. குளங்களும் நடைபாதைகளும் இசைமேடையும் இருந்தன. அருங்காட்சியகத்தில் டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் தொடங்கிய உயிரினக் காட்சிச்சாலையும் பின்னர் இங்கு வந்தது. பார்க் டவுன் என்ற பெயர் இந்தப் பூங்காவால் வந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 1873-இல் பூங்காவின் அருகே சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 1880களில் விக்டோரியா பொதுமண்டபம் பூங்கா நிலத்தில் இடம்பிடித்தது. 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் மக்களுக்காகத்தான், ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அவ்விடத்தில் புறநகர் இரயில் முனையம் வந்தது. அதே ஆண்டில் விலங்குகள் வண்டலூருக்குச் சென்றன. இன்று எஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற சில துண்டுகள். எவரும் பூங்காவை அழிக்க முடிவு செய்யவில்லை. பேண முடிவு செய்யாமல் இருந்ததே போதுமானதாயிற்று. தனியார் தோட்டத்துக்கு ஒரு சொந்தக்காரரும் நாள்தோறும் நீர் ஊற்ற ஓர் ஆளும் இருந்தனர். மக்கள் பூங்காவுக்கு மக்கள் இருந்தனர். பேணுவதற்கென்று ஒதுக்கிய ஆளும் பணமும் கட்டடங்களுக்கு ஈடுகொடுக்கவில்லை.

இராயபுரத்து இராபின்சன் பூங்காவையும் இங்கே சொல்ல வேண்டும். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் அங்கே கூடிய கூட்டத்தில்தான் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கம் அறிவிக்கப்பட்டது. அன்று அப்பூங்காவின் புல் என்ன பாடு பட்டிருக்கும் என்பது தோட்டக்காரருக்கே தெரியும். மழையில் மிதித்த புல்லைச் சீராக்க ஒரு பருவமாவது ஆகும். அண்ணாவின் பெயர் தாங்கி அப்பூங்கா இன்றும் நிற்கிறது. அழகு பார்ப்பதற்கல்ல, கூடுவதற்கே புல்வெளி என்பது வடசென்னையின் வழக்கு. மெரினாவில் மணல் செய்த வேலையை அங்கே புல் செய்தது.

இக்காலத்தில் வீட்டுப் புல்தரையைப் பேணுவது ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. தெற்கிலும் கடற்கரைச் சாலையிலும் தனி வீடுகளும் அடுக்ககங்களும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. மாதம் இருமுறையோ வாரம் ஒருமுறையோ ஆள்கள் வந்து, இயந்திரத்தால் புல் வெட்டி, ஓரம் சீவி, களையெடுத்து, உரமிட்டுச் செல்கின்றனர். அருகின் இடத்தைப் பெரிதும் கொரியப் புல் பிடித்துக்கொண்டது. மெத்தென்று இருக்கும், ஆனால் மெல்ல வளர்ந்து திட்டுத்திட்டாகப் புடைக்கும். ஒப்பந்தம் வீட்டுக்காரருக்கும் நிறுவனத்துக்கும் இடையே. வேலை செய்பவர் யார், அவர் கைக்கு எவ்வளவு போகிறது, மருந்தடிக்கும்போது அவருக்குக் கையுறையும் முகமூடியும் உண்டா என்பவை பெரும்பாலும் அந்தத் தாளில் இருப்பதில்லை. பழைய கணக்கேட்டில் தோட்டக்காரர் பெயரில்லாத தொகையாக இருந்தார். புதிய ஒப்பந்தத்தில் அந்தத் தொகையும் இல்லை. வீட்டுக்காரர் விரும்பினால் கேட்டறியலாம். தாளில் கையொப்பமிடும் முன் கேட்க ஒரு நிமிடம் போதும்.

நம் மக்கள் இதைத் தம்மைச் சேராத பேச்சு என்று கருதக்கூடும். ஆனால் புல் பேணும் கூலியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொடுக்காத கத்தோலிக்கக் குடும்பம் வடசென்னையில் குறைவு. இடுகாட்டை நாம் கல்லறைத் தோட்டம் என்கிறோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அது ஐப்பசியில், புல் வெறிகொண்டு வளரும் நேரத்தில் வருகிறது. காசிமேட்டிலும் கீழ்ப்பாக்கத்திலும் அதற்கு ஒரு வாரம் முன்பே அரிவாளும் மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாக ஆள்கள் வாயிலில் நிற்பார்கள். “அம்மா, புல்லு எடுக்கணுமா? எந்தக் கல்லறை?” என்று உடன் நடந்து வருவார்கள். சிலுவையை மூடிய கொடியை அறுத்து, கோரையைக் கெல்லி, மண்ணை மேடு கட்டி, வெள்ளையடித்துக் கொடுக்கிறார்கள். மெழுகுவர்த்திக்கும் மாலைக்கும் பேரம் பேசாத நாம் இவர்களிடம் பேரம் பேசுகிறோம். உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா முதலில் தோட்டக்காரர் என்று எண்ணினார் என யோவான் எழுதுகிறார். கல்லறையருகே விடியற்காலையில் தோட்டக்காரர் ஒருவர் இருப்பது அந்நாட்டில் இயல்பாக இருந்ததென்பதையும் அவ்வரி நமக்குச் சொல்கிறது.

எம்.கே.பி. நகருக்குத் திரும்புவோம். வீடு மந்திரிக்கவும் நோயாளிகளைச் சந்திக்கவும் இத்தெருக்களில் நான் நடந்திருக்கிறேன். வாரியம் கட்டிக் கொடுத்தபோது வீட்டு முன்னே விட்ட மண் கீற்று பல வீடுகளில் இன்று இல்லை. அதில் நீர்த்தொட்டி வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, இருசக்கர வண்டி வந்தது, பின்னர் மேலே ஓடு பதித்தாயிற்று. குற்றம் சொல்வதற்கில்லை, இடம் அவ்வளவுதான். ஆனால் மண்ணை மூடியதன் விலையை ஒவ்வொரு கார்த்திகையிலும் கொடுக்கிறோம். மழைநீர் சேகரிப்பு 2003-இல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஓடு பதித்த முன்றிலிலிருந்து நீர் தெருவுக்கு ஓடுகிறது. தெருவிலிருந்து கேப்டன் காட்டன் கால்வாய்க்கு ஓடுகிறது. கால்வாய் நிறைந்தால் திரும்பி வீட்டுக்குள் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலிப் பக்கத்தில் அந்த வெள்ளம் எண்ணெய்ப் படலத்தோடு வந்தது. எண்ணெய் படிந்த மண்ணில் எதுவும் எளிதில் முளைக்காது.

மறுபுறம் 2019 கோடையில் நகரின் நான்கு ஏரிகளும் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்ததை நாம் கண்டோம். அப்படிப்பட்ட ஊரில் குடிநீரைப் புல்லுக்கு ஊற்றுவது எத்தனை கிரவுண்டு உடையவராயினும் தகாது. அதே 2019-இல் எம்.கே.பி. நகரை அடுத்த கொடுங்கையூரில் கழிவுநீரை மும்முறை சுத்திகரித்து நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர் நீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்நீர் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. அதில் ஒரு சிறு பங்கு வடசென்னையின் பூங்காக்களுக்குத் திருப்பப்பட்டால், மக்கள் பூங்காவில் இழந்ததில் ஒரு துளியேனும் மீளும். மாமன்ற உறுப்பினரிடம் விண்ணப்பம் கொடுக்கும் பங்குப் பேரவைகள் இதையும் ஒரு வரி சேர்த்துக் கொடுக்கலாம்.

சிறு கீற்று மண் மிஞ்சியிருப்போர்க்கு ஒரு சொல். கொரியப் புல்லும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். பொடுதலை என்று ஒரு பூண்டு நம் வாய்க்கால் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிறது. கணுவுக்குக் கணு வேர்விடும், சிறு வெண்பூ பூக்கும், மிதித்தால் தாங்கும், ஓரளவு உப்பையும் சில நாள் தேங்கும் நீரையும் பொறுத்துக்கொள்ளும். பட்டாம்பூச்சிகளும் தேனீக்களும் அதைத் தேடி வரும். வெளிநாடுகளில் புல்தரைக்கு மாற்றாக இதையே இப்போது நடுகிறார்கள் என்பது அண்மைக் காலச் செய்தி. ஆடியில் நாலு கணுவைக் கிள்ளி அரை முழத்திற்கு ஒன்றாக ஊன்றினால் கார்த்திகைக்குள் கீற்று மூடிவிடும். வெட்ட இயந்திரம் வேண்டியதில்லை. மேலே நீண்ட தழையை வீட்டுப் பெண்களே கிள்ளி, மிளகாயும் புளியும் உளுந்தும் சேர்த்துத் துவையல் அரைத்துவிடுகிறார்கள்.